மேடம், என்ன அவசரம்?

கொதிக்கட்டும், இன்னும் நன்றாகக் கொதிக்கட்டும், முதல் குமிழி வந்ததும் அடுப்பை அணைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருடைய சட்டம், அந்தச் சட்டங்களைத்தான் இன்று காலை ஒவ்வொன்றாக மீறப் போகிறாளே, பிறகு அணைத்தால் என்ன, அணைக்காவிட்டால் என்ன... கெண்டியின் மூடி தடதடவென்று ஆடியது. ஆடட்டும். சமையல் மேடைக்கு அந்தப் பக்கம், அவள் விடிந்ததுமே இழுத்துத் திருப்பிப் போட்டிருந்த நாற்காலியில் அவளுடைய கணவர் உட்கார்ந்திருந்தார், வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டு எடுத்துப்போக மறந்த பொருள் மாதிரி கிடந்தது, இடது கை நாற்காலிப் பிடியில். பார்க்கிறாரா? பார்க்கிறார் போலத்தான் இருந்தது, மூக்குக் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து கண் தெரியவில்லை. சரி, காது கேட்குமே, கெண்டி இந்தக் கத்துக் கத்துகிறதே, முன்பென்றால் குளியலறையிலிருந்து முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஓடி வந்திருப்பார், "மேடம், தண்ணியைக் கொலை பண்ணிட்டீங்களே!" என்று. சொல்லுங்களேன். கொலை என்றாவது ஒரு சொல் சொல்லுங்களேன்.

ஒரு சொல், ஒன்றே ஒன்று, அதற்கு மேல் ஆசைப்படவில்லை அவள். மழைக்காலம் தொடங்கிய வாரம் வந்தது அந்தப் பக்கவாதம், வலது கையையும் காலையும் பாதி பிடுங்கிக்கொண்டு, பேச்சை முழுசாக வாரிக்கொண்டு போயிற்று, கால் கொஞ்சம் திரும்பி வந்தது, விழுங்குவதில் இருந்த தடையும் போய்விட்டது, எதைக் கொடுத்தாலும் குடிக்கிறார், சாப்பிடுகிறார், பேச்சு மட்டும் போன இடம் தெரியவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், இவருக்கு இருந்தது ஒரு வாயா, கடைவீதி முழுவதற்கும் போதுமான வாயல்லவா, அது போய் ஒரு வெறும் 'ஆ'வாக வந்து நிற்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சி தர வருகிற பெண் கோப்பைப் படம் போட்ட அட்டையைக் காட்டினால் 'ஆ', பூனைப் படத்தைக் காட்டினாலும் 'ஆ', அதற்கெல்லாம் இவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டுவாள், "ஆமாங்க, கரெக்டுங்க, ரொம்ப நல்லா சொன்னீங்க" என்று, பால்மணம் மாறாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. அந்தப் பெண் இன்று வருகிறாள். பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்துவிடுவாளாம். "முன்னேற்றம் இருந்தா நான் தொடர்ந்து வரலாம்மா, இல்லேன்னா காத்துக்கிட்டிருக்கிற வேற ஆளுக்கு மாத்திடுவாங்க, என் கையில இல்லம்மா." பேச்சு திரும்பி வருமா என்று கேட்டால்? "முயற்சி பண்ணலாம்மா." முயற்சி பண்ணலாம்! அந்தச் சொல்லை அவளிடமா சொல்வது, அவள் சலவைக் கடை மேடையில் நின்று எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பாள், பட்டுச் சட்டையில் மை கொட்டிக்கொண்டு வந்து, போகுமா மேடம், போகுமா என்று கேட்கிறவர்களிடம், கறையை ஒரு பார்வை பார்த்ததுமே தெரிந்துவிடும், போகாது, போகவே போகாது, ஆனால் எதிரில் நிற்கிற முகத்தைப் பார்த்துவிட்டு, முயற்சி பண்ணலாங்க... அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அதே பெண்தான் போன வாரம் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள், சும்மா சொல்கிற மாதிரி. "யோசிச்சுப் பேசறது ஒரு வழிம்மா, தானா வாயில வர்றது வேற வழி. ஒண்ணு ரெண்டு எண்ணறது, பாட்டு, தினமும் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தை, வசவு... சில பேருக்குக் கோபத்துல பொசுக்குனு வந்துடும்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இவளுக்கு அது இரவெல்லாம் மண்டையில் சுற்றியது. கோபமா? இவரைக் கோபப்படுத்த ஒரு வழியா இல்லை, ஊரே கவிழ்ந்தாலும் நிதானம் மாறாத மனிதர் ஒரு கோப்பைக் காபிக்கு அல்லவா ருத்ர தாண்டவம் ஆடுவார். பாட்டு வராது அவருக்கு, எண்ணச் சொன்னால் ஜன்னலைப் பார்ப்பார், தினமும் சொல்லிச் சொல்லிப் பழகியது என்றால், வேறென்ன, இவளைத்தான். இவளுடைய அவசரத்தைத்தான். மேடம், என்ன அவசரம்?

காபிக்கொட்டையை அரைத்தாயிற்று. எப்படி அரைத்திருக்கிறாள் தெரியுமா, முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி, ஊதினால் பறக்கும். கல் உப்பு மாதிரி இருக்கணும், கையில எடுத்தா நறநறன்னு இருக்கணும், நைசா அரைச்சா சல்லடையில புகுந்து வந்து பல்லுல மாட்டும்... அவருடைய குரல்தான், அவளுக்குள் ஓடுகிறது, ஆள் எதிரில் ஊமையாக உட்கார்ந்திருக்க குரல் மட்டும் இவள் தலைக்குள் குடித்தனம் நடத்துகிறது, வாடகை கூடக் கொடுக்காமல். அரைக்கும்போது வேண்டுமென்றே மிக்சியை விடாமல் ஓட்டினாள், அது உறுமிய உறுமலுக்கு மேல் வீட்டுக்காரரே எட்டிப் பார்த்திருப்பார். ஓரக்கண்ணால் பார்த்தாள். நாற்காலி அசையவில்லை.

அலமாரியிலிருந்து மாப்பிள்ளையை எடுத்தாள். மாப்பிள்ளை என்றால் மாப்பிள்ளை இல்லை, மாப்பிள்ளை வாங்கி வந்த பிரெஞ்சு பிரஸ், கண்ணாடிக் குடுவை, வெள்ளிச் சட்டம், நடுவில் கம்பி நட்ட மாதிரி ஒரு தண்டு, அடியில் வட்டச் சல்லடை, தண்டை அழுத்தினால் பொடி அடியில் தங்கிக் காபி மேலே நிற்கும். மகளைக் கட்டிக்கொண்ட பிறகு முதல் தடவை வந்தபோது அந்தப் பிள்ளை கொண்டு வந்து நீட்டியது, பயபக்தியோடு. இவர் வாங்கி நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தார், தண்டைப் பிடித்துத் தூக்கினார், விறைப்பாக நின்றது, "மாப்பிள்ளை முறுக்கு இதுக்கும் இருக்கே" என்றார், எதிரிலேயே. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். மாப்பிள்ளையைக் கழுவிட்டியா, மாப்பிள்ளையை முதல்ல வெந்நீர்ல குளிப்பாட்டு, குளிர்ந்த கண்ணாடியில ஊத்தினா காபி செத்துடும், மாப்பிள்ளை தலையில ஓங்கி அழுத்தாத, மெதுவா, மரியாதையா, அவரா இறங்கி வரணும்... ஒரு நாள் நிஜ மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது இது அத்தனையும் சத்தமாக நடந்து, அந்தப் பிள்ளைக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை, மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். அந்த மகள்தான் காலையில் போனில், அம்மா, ஏத்துக்கோம்மா, என்றாள். எதைடி ஏத்துக்கறது? "அப்பா நம்ம கூட இருக்காரில்ல, அது போதும்னு நினைச்சுக்கோம்மா." போதுமா? இருக்கிறாரா? இருக்கிறார் என்பதற்கு என்னடி அத்தாட்சி, மூச்சு வருகிறது, காலையில் முகம் கழுவினால் கண்ணை மூடிக்கொள்கிறார்... போனை வைத்துவிட்டு அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், அவர் காதில் விழக் கூடாதென்று. இப்போது நினைத்தால் அதுகூட மடத்தனம், விழட்டுமே.

குளிப்பாட்டவில்லை மாப்பிள்ளையை. அலமாரிக் குளிர்ச்சியோடு மேடையில் டக்கென்று வைத்தாள். பொடியைக் கரண்டியால் அளக்கவில்லை, டப்பாவைச் சாய்த்து அப்படியே கொட்டினாள், வெளியில் சிந்தியதைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். "ஏங்க, பாக்கறீங்களா? பொடி கொஞ்சம் நைசாயிடுச்சு, பரவாயில்லைதானே?" கிணற்றில் போட்ட கல். இத்தனை மாதமாக அவள் இதையே அவருடைய சட்டப்படி அட்சரம் பிசகாமல் செய்து கொடுத்தாள், எள் என்றால் எண்ணெயாக நின்றாள், எள் என்று சொல்லத்தான் ஆளில்லை, கொட்டை கல் உப்பாக, தண்ணீர் கொதி அடங்கியதும், மெதுவாக, மரியாதையாக, அவர் பாதி குடிப்பார், மீதியை வைத்துவிடுவார், ஒரு முகச்சுளிப்பு உண்டா, ஒரு தலையாட்டல் உண்டா... முன்பு மட்டும் என்ன, பாராட்டித் தள்ளினாரா, அவருடைய அகராதியில் ஆகப் பெரிய பாராட்டு 'பரவாயில்லை'. கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற கடையில் காலமெல்லாம் ஒரு வில்லையை மாட்டி இது தெளிவா, மாற்றி இது தெளிவா என்று கேட்டுக் கேட்டு அந்தப் புத்தியே ஊறிப் போயிற்று, விடுமுறை நாளில் இரண்டு கோப்பையை இவள் முன்னால் வைப்பார், "எது தெளிவு, மேடம்?" இரண்டும் காபிதாங்க. "நல்லா குடிச்சுச் சொல்லுங்க. பால் ஊத்தினா கண்ணாடியில ஆவி படிஞ்ச மாதிரி, ஒண்ணும் தெரியாது, ஊத்தாம குடிங்க." இடதுதான் நல்லாயிருக்கு என்றால், தப்பு, வலது என்றால் அதுவும் தப்பு. எத்தனை சண்டை. காபிக்காகவா ஒரு மனிதன் இப்படி உயிரை வாங்குவான், கட்டிக்கொண்டு வந்த பாவத்துக்கு இதுவும் அனுபவி என்று தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள், இந்தக் குடுவை கை தவறி உடைந்தால் நிம்மதி என்று நினைத்ததும் உண்டு. நினைத்தது எங்கேயோ கேட்டு, குடுவையை விட்டுவிட்டு ஆளை உடைத்துவிட்டார்களோ...

ஊற்றினாள். கொதிக்கிற தண்ணீரை, அடுப்பிலிருந்து எடுத்த கையோடு, உயரத்திலிருந்து, மொத்தமும். கண்ணாடி சடசடவென்றது, பொடி பொங்கி விளிம்பு வரை எழுந்தது, கருகிய வாசனை குப்பென்று வீடெல்லாம். இது போதுமே, இந்த வாசனைக்கே அவர் கடையிலிருந்து எழுந்து வருவாரே. கரண்டியை விட்டுக் கடைகிற மாதிரி கலக்கினாள், கரண்டி கண்ணாடியில் கிணிங் கிணிங் என்று மோதியது, ஒவ்வொரு கிணிங்கும் அவருக்குத்தான், எழுந்திருங்க, எழுந்திருங்க. இனி பொறுக்க வேண்டும், அதுதான் முக்கியமான சட்டம். நான்கு நிமிடம் என்று பெட்டியில் போட்டிருந்தது, அவர் கடிகாரம் பார்க்கிறவர் இல்லை, தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியை வெளியே இழுத்து ஒரு வில்லையைத் துடைப்பார், ஆற அமர, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், திருப்தி இல்லாமல் மறுபடி துடைப்பார், பிறகு அடுத்த வில்லை, இரண்டும் முடிந்து மாட்டிக்கொண்டு இவளைப் பார்த்தால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன் இவள் கை தண்டுப் பக்கம் போனால், அங்கிருந்தே, நிமிர்ந்துகூடப் பாராமல்... அந்த நான்கு சொல். மூன்றா, நான்கா? மேடம். என்ன. அவசரம். மூன்றுதான். அதில் ஒன்று போதும்.

கை தண்டின் மேல் போயிற்று. அவரைப் பார்க்கவில்லை அவள், பார்த்தால் பரிதாபம் வரும், கண்ணைக் குடுவையில் வைத்துக் காதை மட்டும் அவர் பக்கம் திறந்து வைத்தாள். பொறுக்கவில்லை பாருங்கள், ஊற்றி மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை, அழுத்தப் போகிறேன், இதோ மாப்பிள்ளை தலையில் கை வைத்துவிட்டேன், மரியாதை கெட்டுப் போகப் போகிறது... என்னவோ சின்னதாகச் சத்தம் கேட்டது, துணி உரசுகிற மாதிரி, பிறகு ஒரு டிக். குரல் இல்லை. குரல் இல்லை என்றால் அவளுக்கு வேறெதுவும் காதில் ஏறாது. அழுத்தினாள். இறங்கவில்லை. நைசுப் பொடி சல்லடையை அடைத்துக்கொண்டது, சரியான முறுக்கு, இன்னும் அழுத்தினாள், இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நுனிக்காலில் எழுந்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு, சொல்லுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு, திட்டுங்க, கழுதைன்னு திட்டுங்க, உன் தலையெழுத்துன்னு திட்டுங்க... தண்டு திடீரென்று சறுக்கிப் போய் அடியில் இடித்தது, கறுப்புத் தண்ணீர் விளிம்பு தாண்டித் தெறித்து மணிக்கட்டில் பட்டது, சுட்டது, கையை உதறினாள். எங்கேயோ தெருவில் ஒரு வண்டி பின்னால் நகர்கிற சத்தம், பீப், பீப், பீப்.

தோற்றுப் போனேன் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அழுகைகூட வரவில்லை, எரிகிற மணிக்கட்டைக் குழாயில் காட்டவும் தோன்றவில்லை, செய்ய வேண்டியதைச் செய்தாள், கோப்பையை எடுத்தாள், குடுவையைக் கவிழ்த்தாள், அடி வண்டலைக் குடுவையிலேயே விட வேண்டும் என்பது கடைசிச் சட்டம், அதையும் மீறி வண்டலோடு வழித்து ஊற்றினாள், சேற்றுக் குட்டையில் மொண்டு வந்த மாதிரி இருந்தது. மேடையைச் சுற்றிக்கொண்டு போய் நீட்டினாள். கண்ணாடி முகத்தில் இல்லை, மடியில் கிடந்தது, சட்டை நுனியில் சிக்கிக்கொண்டு, நழுவி விழுந்திருக்கும், அதை எடுத்துப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். "குடிங்க. சூடா இருக்கு, பாத்து." இடது கையால் வாங்கிக்கொண்டார். ஊதினார். ஒரு வாய் குடித்தார். இனி துப்புவார், துப்பினாலும் போதும், ஒரு முகச்சுளிப்பு போதும், அந்தப் பெண்ணிடம் அதையாவது சொல்லலாம்... அவர் இன்னொரு வாய் குடித்தார். நிதானமாக. பிறகு இன்னொன்று. இத்தனை மாதத்தில் நல்ல காபியைப் பாதி வைத்த மனிதர் இந்தச் சேற்றைக் அண்ணாந்து கோப்பையைச் சாய்த்து, அடி வண்டல் வரை உறிஞ்சி, உதட்டிலும் மீசையிலும் கறுப்பு மண்ணாய் ஒட்டியிருக்க, காலிக் கோப்பையை மடியில் வைத்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தலையை வேறு ஆட்டினார், பிரமாதம் என்கிற மாதிரி.

அவ்வளவுதான், அவளுக்கு உள்ளே என்னவோ அறுந்தது. ருசியும் போய்விட்டதா? பேச்சோடு அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்களா, அப்படியென்றால் இவ்வளவு நாளும் யாருக்காக அளந்து அளந்து... கையை எங்காவது ஊன்ற வேண்டும் போலிருந்தது, ஸ்டூலைப் பிடித்தாள், கண்ணாடி கையில் இடித்தது, எடுத்தாள். அதன் ஒரு வில்லை பளிச்சென்று இருந்தது. இன்னொன்றில் காலையில் முகம் கழுவிவிட்டபோது தெறித்த சோப்பு அப்படியே இருந்தது. அவள் அவருடைய சட்டையைப் பார்த்தாள். நுனி வெளியே இழுபட்டு, கசங்கி. நழுவி விழுந்தால் சட்டை நுனி எப்படி வெளியே வரும்? டிக் என்று கேட்டதே... கழற்றியிருக்கிறார். தண்ணீர் ஊற்றியதும் கழற்றியிருக்கிறார், ஒற்றைக் கையால், சட்டையை இழுத்து, துடைக்கத் தொடங்கியிருக்கிறார், பொறு என்று சொல்ல அவரிடம் அது ஒன்றுதானே மிச்சம், ஒரு வில்லை முடிவதற்குள் இவள் மாப்பிள்ளையின் தலையில் ஏறி மிதித்துவிட்டாள். தெரிந்திருக்கிறது. எல்லாமே தெரிந்திருக்கிறது, பொடி, கொதி, வண்டல், எல்லாம் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார், தெரிந்தே குடித்தார், தெரிந்தே கட்டைவிரலைத் தூக்கினார். யாருக்காக? எனக்காகவா? பாவம், கை தட்டி வைப்போம், நல்லாயிருக்குன்னு சொல்லி வைப்போம் என்றா... அவளுக்கு அது எங்கேயோ பார்த்த வேலையாகத் தெரிந்தது. ஆமாங்க, கரெக்டுங்க, ரொம்ப நல்லா சொன்னீங்க.

"பொய் சொல்லாதீங்க!" என்று கத்தினாள். அவளுடைய குரல்தானா அது, இந்த வீட்டில் அது எழும்பி எவ்வளவு நாளாயிற்று, அவர் விழுந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவரைத் திட்டவில்லையே அவள், ஒரு தடவைகூட. "சேறுங்க அது! சேறு! நாய்கூட மோந்து பாக்காது! அதைக் குடிச்சுட்டு எனக்குக் கட்டைவிரல் காட்டறீங்களா? யாரை ஏமாத்தறீங்க, எங்கிட்டயேவா? மூஞ்சியைப் பாருங்க, மீசையெல்லாம் மண்ணு! துடைச்சுக்கக் கூடவா தெரியாது? என்ன மனுஷன் நீங்க!" மூச்சு வாங்கியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, கொட்டட்டும், அவர் பார்க்கட்டும். அவர் பார்த்தார். கண்ணாடி இல்லாத கண், சுருங்கி, அவளை மட்டும் பார்த்தது, புருவங்களுக்கு நடுவே மெல்ல ஒரு மடிப்பு விழுந்தது, அவளுக்கு மிக நன்றாகத் தெரிந்த, எத்தனையோ காலைகளில் எரிச்சலோடு பார்த்த அதே மடிப்பு. உதடுகள் இரண்டும் சேர்ந்தன. அழுந்தின.

வாசல் மணி அடித்தது. அந்தப் பெண்தான். மேடம் என்று சொல்வதற்கும் உதட்டை மூடித்தான் ஆக வேண்டும், வாயிலிருக்கும் மண்ணை விழுங்குவதற்கும் மூடித்தான் ஆக வேண்டும், இரண்டில் எது? எது தெளிவு? தெரியவில்லை. உதடு மூடியபடியே இருந்தது, தொண்டை அசைந்தது, அசைந்தது மாதிரிதான் இருந்தது. மணி மறுபடி அடித்தது, இந்தத் தடவை நீளமாக. "இருங்க, வரேன், என்ன அவசரம்?" என்று வாசலைப் பார்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டு, அவள் போகவில்லை, அவருடைய காலடியில் தரையில் உட்கார்ந்தாள், கண்ணாடியை எடுத்து, தன் புடவை நுனியால், அவர் விட்ட இடத்திலிருந்து, அந்த இன்னொரு வில்லையை மெதுவாகத் துடைக்கத் தொடங்கினாள்.